எட்டாம் எண் குழாய்

வைரஸின் படத்தில் முட்கள் ஒரே பக்கமாக இருந்தன.

மாலை வகுப்பில் ஷெர்லின் படித்தது வேறு. இந்த வகை வைரஸ் ஒரு சின்ன உருண்டை. அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் புரத முட்கள். பன்றிகளிடமிருந்து எடுத்த இந்த உருண்டைகளிலோ முட்கள் ஒரு பக்கமாக நெருங்கி நின்றன, மறுபக்கம் மொட்டையாக. தனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லையோ என்று நோட்டில் ஒரு கேள்விக்குறி போட்டாள்.

அவள் ஒரகடத்தில் ஒரு கால்நடை நோய்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். தம்பி ஜோயல் பிள்ளைப்பாக்கத்துப் பன்றிக் கொட்டகையில். கம்பெனி கேன்டீன்களில் மிஞ்சும் சோற்றை நீல டிரம்களில் அள்ளிப் போய்ப் பன்றிகளுக்குக் கொட்டுவது அவன் வேலை. போன வாரம் சாப்பிடும்போது சொன்னான்.

"பன்னிங்க கத்தவே மாட்டேங்குதுக்கா. சோத்தக் கொட்னாகூட திரும்பல. அல்லாம் செவுத்தப் பாத்துகினு நிக்குது."

"உன் மூஞ்சியப் பாக்கப் புடிக்காம இருக்கும்."

மறுநாள் நான்கு செத்தன. நின்றபடியே செத்தன என்றான். கொட்டகையை மூடினார்கள். ஷெர்லின் ஆறு பன்றிகளிடம் மாதிரி எடுத்தாள். பயத்தில் ஜோயலின் தொண்டையிலும் எடுத்து ஏழாம் எண் போட்டாள். எட்டாவது அவளுடையது. அந்தக் கூடத்தின் வழக்கம் அது: மாதிரி எடுத்தவர் தன் தொண்டையையும் தடவி ஒரு குழாய் சேர்க்க வேண்டும். அது வெறுமையாக வந்தால்தான் சோதனை சரி.

மாதிரி எடுத்த ஐந்தாம் நாள் மாலை ஐந்தரைக்கு, எல்லோரும் பஸ்ஸுக்குப் போன பிறகு, ஏசியின் ஒரே சீரான இரைச்சலுக்கும் வெளியே கன்டெய்னர் லாரிகள் திரும்பும் உறுமலுக்கும் நடுவில், முடிவுகள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன.

ஆறு பன்றிகளிடமும் இருந்தது. ஜோயலிடம் இல்லை. அவள் மூச்சை விட்டாள்.

எட்டாம் எண்ணில் இருந்தது.

தன் தவறுதான். பன்றிக் குழாயிலிருந்து ஒரு துளி சிந்தியிருக்கும். அப்படியானால் தன்னுடையது ஏதாவது ஒரு பன்றியுடையதைப் போலவே இருக்க வேண்டும். சரிபார்க்க, ஏற்கெனவே தெரிந்த பழைய பன்றி வைரஸ் ஒன்றையும் சேர்த்து, எது எதிலிருந்து வந்தது என்று காட்டும் மரத்தை வரைந்தாள். அழித்து இரண்டாம் முறை வரைந்தாள். மூன்றாம் முறை.

ஒவ்வொரு முறையும் எட்டாம் எண் அடியில் நின்றது. ஆறு பன்றிகளும் அதற்கு மேலே கிளைத்திருந்தன. பழைய வைரஸில் இல்லாத, அவளிடம் இருந்த மாற்றங்கள் எல்லாம் பன்றிகளிடமும் இருந்தன. பன்றிகளிடம் கூடுதலாகச் சில.

பன்றிகளிடமிருந்து அவளுக்கு வரவில்லை.

அவள் விரலால் உதட்டைத் தொட்டாள். தொட்டது தெரியவில்லை. ஒரு மாதமாகவே சோற்றில் ருசி இல்லை. தினமும் பாதி டப்பா சோற்றைக் கேன்டீனில் ஜோயல் வைத்துப் போகும் நீல டிரம்மில்தான் கொட்டிக்கொண்டிருந்தாள்.

கொட்டகையை மூடிய பிறகு கொட்டவில்லை. வேலையில்லாமல் மத்தியானம் கேன்டீன் வாசலுக்கு வந்து நின்ற ஜோயல் கையை நீட்டினான். "குடுக்கா. பன்னிக்குப் போனது எனக்குப் போவட்டும்." அவள் ஸ்பூனிலேயே தின்றான். நான்கு நாள். மாதிரி எடுத்த பிறகு.

போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

வடக்குப்பட்டு வரை பஸ்ஸில் நின்றே வந்தாள். பயப்பட வேண்டும் என்று தெரிந்தது. பயம் எங்கோ தள்ளி, வேறு யாருக்கோ வந்ததுபோல் இருந்தது. வீட்டு வாசலில் அவன் ஓட்டும் குட்டி லாரி. கழுவாத டிரம்கள். அவற்றின் மேல் ஈக்கள் கறுப்பாக. நாற வேண்டும். நாற்றம் வரவில்லை.

கதவு திறந்திருந்தது. விளக்கு போடவில்லை.

ஜோயல் நின்றுகொண்டிருந்தான். சுவரைப் பார்த்து. நெற்றி சுவரில் படும்படி. கையில் போன், எடுக்காத அழைப்பென்று அவள் பெயரைக் காட்டி மின்னி அணைந்தது.

"ஜோயலு."

திரும்பவில்லை.

யாரிடமாவது சொல்ல வேண்டும். முதலில் கதவைச் சாத்த வேண்டும். பையைக் கீழே வைக்க வேண்டும். வரிசையாக நினைத்தாள். ஒவ்வொன்றாக.

எவ்வளவு நேரம் நினைத்தாள் என்று தெரியவில்லை. கண்ணுக்கு முன்னால் வெள்ளையாக ஏதோ. சுண்ணாம்பு. அதில் ஒரு மயிரிழை விரிசல். மிக அருகில்.

பக்கத்தில் ஜோயல் மூச்சு விடுவது கேட்டது. அதே கணக்கில் இன்னொரு மூச்சு.