பனி நிற்காத கூரை

1987 ஜனவரி 12, திங்கட்கிழமை. யெல்லோஸ்டோன் பூங்கா, ஏரியின் மேற்குக் கரை. காலை ஏழரை மணிக்கு வெப்பமானி உறைநிலைக்கு முப்பது பாகை கீழே காட்டியது. குளிர்காலக் காவலர் வீட்டின் கூரையில் நாலடிப் பனி இருந்தது. குளியலறைக்கு மேலே, சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஓரிடத்தில் மட்டும் பனி இல்லை.

வெர்னா ஹாகன் ஏணியில் நின்று அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோடைக் கூட்டம் போனபின் பூட்டிக் கிடக்கும் விடுதிகளின் கூரைகள் பாரம் தாங்காமல் இடிந்துவிடாதபடி, பனியை ரம்பத்தால் அறுத்துப் பாளம் பாளமாகக் கீழே தள்ளுவதுதான் பத்தொன்பது வருடமாக அவளுக்கும் கணவன் ஓரினுக்கும் வேலை. பனி எங்கே நிற்கும், எங்கே நிற்காது என்று அவளுக்குத் தெரியும். புகைபோக்கி அந்தப் பக்கமே இல்லை. ஈரத் தகரத்திலிருந்து மெல்லிய ஆவி எழுந்தது, வாய் திறந்து தூங்குகிறவனின் மூச்சைப் போல, வெதுவெதுப்பாக, புளிப்பாக.

உள்ளே ஓரின் குளியலறைத் தரையில் வெறுங்காலோடு நின்றிருந்தான். சர்க்கரை நோயில் அவன் பாதங்கள் மரத்துப்போய் எட்டு வருடமாகிறது.

"வந்து நில்லு. பாதம் செத்துப்போச்சு, ஆனா கெண்டைக்கால்ல தெரியுது. கதகதன்னு இருக்கு. அதுவும் இலவசமா."

வெர்னா உள்ளே வந்து, குனிந்து தரையைத் தொட்டாள். காய்ச்சல் கண்ட மாட்டின் வயிற்றைத் தொட்டது போலிருந்தது.

"அலுவலகத்துக்குச் சொல்லணும், ஓரின்."

"சொல்லு. நாளைக்கே வீட்டைச் சுத்திக் கயிறு கட்டிடுவாங்க. நீயும் நானும் உன் தங்கச்சி வீட்டு கராஜ்ல அவ பூனைங்களோட படுத்துக்கலாம். எனக்கு அறுபத்து மூணு. இந்தக் காலை வெச்சுக்கிட்டு எவன் வேலை கொடுப்பான்?"

"அடியில எரிமலை இருக்குன்னு தெரியாத மாதிரி பேசாத, கிழவா."

"தெரியும். கோடையில வர்றவன் அத்தனை பேரும் கேக்கறானே, எப்ப வெடிக்கும், எப்ப வெடிக்கும்னு. ஆறு லட்சம் வருஷமா பொறுத்தது, பனி கரையற வரைக்கும் பொறுக்காதா?"

அவள் அலுவலகத்துக்குச் சொல்லவில்லை. வியாழக்கிழமை மேற்பார்வையாளன் டெல்பர்ட் பனிவண்டியில் சுற்றி வருவான், முதலில் கூரையைத்தான் பார்ப்பான். ஆகவே வாழ்க்கையில் முதல்முறையாகப் பனியை வாளியில் அள்ளிக் கூரைக்கு ஏற்றினாள். செவ்வாய் காலை அந்த வட்டம் தாம்பாளம் அளவு இருந்தது. மூடினாள். புதன் காலை கதவு அளவு. மறுபடியும் மூடினாள்.

புதனன்று குளியல் தொட்டியின் வடிகாலிலிருந்து அது வந்தது. சீழின் மஞ்சளில் தொடங்கி ஓரங்களில் துருவேறிய ஆரஞ்சாக மாறும் வழவழப்பான படலம். பூங்காவின் வெந்நீர் ஊற்றுகளின் ஓரத்தில் பயணிகள் நின்று படமெடுக்கும் அதே அழகான நிறங்கள்தான். ஆனால் இங்கே சோப்பின்மேல் படிந்திருந்தது, பல்துலக்கியின் மயிர்களுக்கிடையே நூல் நூலாகத் தொங்கியது, வழித்தெடுத்தால் சளியைப் போல இழுபட்டு விரலோடு வந்தது, துடைத்த ஒரு மணி நேரத்தில் மறுபடியும் முளைத்தது. அழுகிய முட்டை வாடை சூப்பில் ஏறியது. அவள் அம்மாவின் வெள்ளிக் கரண்டி ஒரே இரவில் கறுத்தது. வெர்னா இரண்டு முறை வாந்தியெடுத்தாள். ஓரின் அவள் பங்கு சூப்பையும் சேர்த்துக் குடித்தான்.

வியாழன் காலை கூரையை மூடிவிட்டு இறங்கியபோது வாடை போய்விட்டிருந்தது. அவளுக்கு அப்பாடா என்றிருந்தது.

மதியம் டெல்பர்ட் வந்தான். கூரையை அண்ணாந்து பார்த்து, "உங்க கூரைய வெச்சே பாடம் நடத்தலாம், வெர்னா," என்றான். காப்பி குடிக்க வாசலில் கால் வைத்தவன் கையுறையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினான். கண்ணில் நீர் கட்டிவிட்டது.

"உள்ள என்ன செத்துக் கிடக்கு?"

"எலி. சுவருக்குள்ள."

"எலியா? குதிரையா இருக்கும். எப்படித்தான் உள்ள இருக்கீங்களோ. காப்பி இன்னொரு நாளைக்கு."

பனிவண்டியின் சத்தம் மரங்களுக்குள் தேய்ந்து மறையும்வரை அவள் வாசலிலேயே நின்றாள். மூச்சை இழுத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. பைன் மரம் இல்லை, விறகுப் புகை இல்லை. ஒவ்வொரு கோடையிலும் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவள்தான் சொல்லிக்கொடுப்பாள்: நாறுகிறவரை பயப்படாதீர்கள், நாற்றம் நின்றால் ஓடுங்கள், அழுகிய முட்டை போல நாறும் அந்த ஊற்று வாயு முதலில் மூக்கைத்தான் கொல்லும்.

"ஓரின்?"

வீட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. கூழ் கொதிக்கும் சத்தம். பளக். கொஞ்சம் இடைவெளி. பளக்.

கழுத்துத் துணியை மூக்கில் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள். கூடத்துத் தரை நெகிழ்ந்தது. ஒவ்வொரு அடிக்கும் அமுங்கி எழுந்தது. சுவரில் ஈரம். கதவுப் பிடி சுட்டது.

ஓரின் முக்காலியில் உட்கார்ந்திருந்தான். குளியலறையின் ஓடுகள் பெயர்ந்து, நடுவில் வாய் போல ஒரு குழி. உள்ளே சாம்பல் நிறச் சேறு குமிழியிட்டது. கணுக்காலுக்கு மேல்வரை இரு கால்களையும் அதில் விட்டிருந்தான். தலை லேசாக ஆடியது. சிரித்துக்கொண்டிருந்தான்.

"காலை எடு."

"சுகமா இருக்கு வெர்னா."

"எடு."

அக்குளில் கைகொடுத்து இழுத்தாள். வந்தான். கனமில்லாமல் வந்தான். கூடம்வரை இழுத்துவந்து கிடத்தினாள். சேறு சொட்டியது. தடித்த, நனைந்த, சாம்பல் நிறக் காலுறைகள். அதைக் கழற்றிவிட்டுப் பனியை வைக்க வேண்டும். முதலில் அதைத்தான் செய்ய வேண்டும். வலது காலுறையை விளிம்பில் பிடித்து இழுத்தாள். தடையே இல்லை. வழுக்கிக்கொண்டு முழுசாகக் கையோடு வந்தது.

நுனியில் ஐந்து நகங்கள் இருந்தன.

அவன் திங்கட்கிழமையிலிருந்து காலுறை போடவில்லை.

ஓரின் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தான். முகத்தில் வலியே இல்லை.

"இன்னொண்ணையும் கழட்டிடு," என்றான்.

அவர்களுக்கு நேர்மேலே பனி சரிந்து விழும் சத்தம் கேட்டது. மாலை நாலு மணிக்கு அந்தக் கூரையில் எங்கும் பனி இல்லை.