மாலைக் கட்டத்தில் இரண்டு டிக்

3-12-2008, புதன்.
இன்று ஒரு சிறு தவறு. மாலை ஊசி போடும்போது மிட்டாயின் முகத்தை நான் பார்க்கவில்லை. கரண்ட் இல்லை, வகுப்புக்கு நேரமாகிவிட்டது. ஊசி போட்டது உறுதி. அளவு இரண்டு யூனிட், அதுவும் உறுதி. இருந்தாலும் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

ஜென்சி அதை எழுதிவிட்டு ஒரு முறை படித்துப் பார்த்தாள். 'உறுதி' இரண்டு தடவை வந்திருந்தது. ஒன்றை அடிக்கலாம் என்று பேனாவை வைத்தவளுக்கு எதை அடிப்பது என்று தெரியவில்லை. இரண்டையும் அப்படியே விட்டாள்.

தினம் ஒரு பக்கம் கையால் எழுதி மறுநாள் அதையே அடித்துக் காட்ட வேண்டும் என்பது மாலை டைப்பிங் வகுப்பின் விதி. மற்றவர்கள் எதையோ எழுதி ஒப்பேற்றினார்கள். ஜென்சிக்கு அது முடியாது. பகலில் ஏரிக்கரை சாக்லேட் கடையில் பெட்டி கட்டினாலும், எத்தனை பெட்டி கட்டினோம் என்பதை இரண்டு முறை சரிபார்க்கிறவள் அவள். அதனால்தான் அப்பாவின் அக்கா லீமா, பெங்களூரில் மகன் ஸ்டீவனுக்குப் பிறந்த குழந்தையைப் பார்க்கப் பத்து நாள் கிளம்பியபோது, ஹாஸ்டலிலிருந்து இவளைக் கூப்பிட்டுச் செண்பகனூர் வீட்டுச் சாவியைக் கையில் கொடுத்தாள்.

மிட்டாய்க்குப் பதினொரு வயது. மஞ்சள் பூனை. பெயர் முதலில் வந்தது, சர்க்கரை வியாதி பிறகு வந்தது. பின்னங்கால்கள் தளர்ந்து தரையில் படிந்துதான் நடக்கும். பனிமூட்டமாய் மஞ்சு மூடினால் கண்டுபிடிக்க வேண்டும் என்று கழுத்தில் ஒரு சின்ன மணி கட்டியிருந்தாள் அத்தை.

சமையலறை பிரிட்ஜ் கதவில் அத்தையின் தாள் ஒட்டியிருந்தது. காலை ஆறு, மாலை ஆறு. தட்டைக் கட்டிலுக்கு அடியில் வைக்க வேண்டும். சாப்பிட ஆரம்பித்ததும் கழுத்துக்குப் பின்னால் தோலைக் கூடாரம் மாதிரித் தூக்கி ஊசி. சந்தேகம் என்றால் போடாதே. ஒரு வேளை தவறினால் சாகாது, இரண்டு முறை போட்டால் செத்துவிடும். அதற்குக் கீழே டிக் போட்டு முடித்த நவம்பர் மாதக் கட்டங்கள், பக்கத்தில் காலியாக டிசம்பர். காலைக் கட்டத்தில் ஒரு டிக். மாலைக் கட்டத்தில் இரண்டு.

"அது ஏன் அத்தை சாயங்காலம் மட்டும் ரெண்டு?" என்று புதன்கிழமை காலை ஜென்சி கேட்டிருந்தாள்.

அத்தை பையின் ஜிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். "அது என் வழக்கம். நீயும் அப்படியே போட்டுரு. கேள்வி கேட்டே பஸ்ஸ விட வச்சிருவ போல."

ஒன்று சாப்பாட்டுக்கு, ஒன்று ஊசிக்கு என்று ஜென்சியே முடிவு செய்துகொண்டாள். அப்படியென்றால் காலையில் ஏன் ஒன்று? அதைக் கேட்பதற்குள் அத்தை படியிறங்கிப் போய்விட்டாள். எதையும் பாதி சொல்லிவிட்டு, மீதியைப் புரிந்துகொள்ளவில்லை என்று கோபப்படுவது அத்தையின் பழக்கம்.

புதன் மாலை நடந்தது இவ்வளவுதான். சரியாக ஆறு மணிக்குக் கரண்ட் போனது. ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே மஞ்சு வந்து நின்று யூக்கலிப்டஸ் மரங்களை விழுங்கிவிட்டிருந்தது. கட்டிலுக்கு அடியில் நக்கும் சத்தம் கேட்டது. முழங்காலிட்டுக் கையை நீட்டினாள். தோல் கைக்குள் வந்தது. தூக்கியதும் தாராளமாக வந்தது. ஊசி இறங்கியபோது உடம்பு அசையவில்லை, உறுமவில்லை, நக்குவதையும் நிறுத்தவில்லை. நல்ல பிள்ளை என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

வகுப்பில் பயிற்சிப் பாடத்தில் வந்த 'தாராளமாக' என்ற சொல்லை அடிக்கும்போதுதான் விரல் நின்றது. எட்டேகாலுக்குத் திரும்பியபோது மிட்டாய் சமையலறையில் தண்ணீர்க் கிண்ணத்தில் முகம் புதைத்து, மூச்சு விடாமல் குடித்துக்கொண்டிருந்தது.

வியாழன் காலை வெளிச்சத்தில் போட்டாள். மிட்டாய் சீறியது, கையைப் பிறாண்டியது. அதன் தோல் எலும்போடு ஒட்டி, இரண்டு விரலுக்குள் சிக்காமல் நழுவியது. நேற்று கைநிறைய வந்ததே? இருட்டில் அப்படித் தோன்றியிருக்கும். எல்லாவற்றையும் நினைத்துக் குழப்பிக்கொள்கிறவள் என்று கடையில் பெயர் வாங்கியிருக்கிறாள்.

மாலை ஆறு. கரண்ட் போனது. டார்ச்சைத் தட்டினாள், செம்மண் நிறத்தில் ஒரு வட்டம் வந்து அணைந்தது. பேட்டரி வாங்க மறந்த தன்னையே திட்டிக்கொண்டு முழங்காலிட்டாள். நக்கும் சத்தம். கையை நீட்டினாள். ராத்திரி முழுக்கக் கொடியில் விட்ட கம்பளி மாதிரி ஈரமும் குளிருமாக ஒரு கழுத்து. தோலைத் தூக்கினாள், தூக்கினாள், இன்னும் வந்துகொண்டே இருந்தது. ஊசியை ஏற்றி, அழுத்தி, வெளியே எடுத்தாள்.

அவளுக்குப் பின்னால், சமையலறையில், மணி சத்தம் கேட்டது.

அசையாமல் இருந்தாள். கட்டிலுக்கு அடியில் நக்குவது தொடர்ந்தது. சமையலறையில் மணி இன்னொரு முறை குலுங்கியது.

போன் அடித்தது. ஹாலுக்கு எப்படி வந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"போட்டியா?" என்றாள் அத்தை.

"போட்டேன்."

"சாப்ட்டுச்சா?"

"தட்டுல ஒண்ணும் மிச்சமில்ல." அது உண்மைதான். "அத்தை, வீட்டுக்குள்ள வேற பூனை ஏதும் வருமா?"

அந்தப் பக்கம் குழந்தை அழுதது. "கதவு ஜன்னல் அடைச்ச வீட்டுக்குள்ள எந்தப் பூனை வரும்? வெரசா சாப்ட்டுத் தூங்கு. எதையாவது யோசிச்சுக்கிட்டே கெடக்காத."

அத்தை போனை வைத்துவிட்டாள். ஏழு மணிக்குக் கரண்ட் வந்தது. கட்டிலுக்கு அடியில் கழுவியது போல் தட்டு மட்டும் இருந்தது. மிட்டாய் சமையலறையில் அடுப்போரம் படுத்திருந்தது. அதன் கழுத்தில் ஊசி இறங்கியதா இல்லையா? இறங்கியிருந்தால், இப்போது இன்னொன்று போட்டால் செத்துவிடும். சந்தேகம் என்றால் போடாதே. அவள் போடவில்லை.

வெள்ளி மாலை, பேட்டரி வாங்கி வைத்து, டைப்பிங் வகுப்பையும் விட்டுவிட்டு, ஐந்தரையிலிருந்தே மிட்டாயை மடியில் இறுக்கிப் பிடித்து உட்கார்ந்தாள். ஆறு மணிக்கு இருட்டியதும் மிட்டாய் அவள் தொடையில் நகத்தைப் பதித்துத் துள்ளி, பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு எங்கோ போனது. டார்ச் கையிலிருந்து விழுந்து உருண்டது. கட்டிலுக்கு அடியில் நக்கும் சத்தம் ஆரம்பித்தது. மருந்து ஏற்றிய ஊசியோடு நடு அறையில் நின்றாள். மணி கேட்கிறதா என்று காதைத் தீட்டினாள். கேட்டது போலவும் இருந்தது, கேட்காதது போலவும் இருந்தது. ஆறேகால். ஆறரை. தன் மீதே வந்த ஆத்திரத்தில் கண்ணீர் முட்ட, மருந்தைத் தொட்டியில் பீய்ச்சிவிட்டாள்.

அத்தை போனில் கேட்டாள்: "ரெண்டு டிக்கும் போட்டியா?"

"இன்னிக்கு ஒண்ணும் போடல அத்தை. சந்தேகமா இருந்துச்சு. நீங்கதான எழுதி வச்சிருக்கீங்க, சந்தேகம்னா..."

"ஒண்ணுகூடவா போடல?" அத்தையின் குரல் மாறியது. "ஏ ஜென்சி, அந்த ரூம் கதவ..."

லைன் அறுந்தது. திரும்ப எத்தனை முறை சுழற்றியும் கிடைக்கவில்லை.

சனிக்கிழமை காலை ஊசிக்கு மிட்டாய் சீறக்கூட இல்லை. மஞ்சள் நுரையாக இரண்டு முறை வாந்தி எடுத்தது. கூடையில் வைத்துப் பக்கத்து வீட்டு உபகாரம் அங்கிளிடம் தூக்கிப் போனாள். அவர் முன்பு மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர்.

"எனக்கும் சுகர்தான் பாப்பா. கேக்க நாதியில்ல. பூனையாப் பொறந்திருந்தா லீமா டீச்சர் வந்து டைம்க்கு ஊசி போட்ருப்பாங்க," என்று சிரித்தபடி மிட்டாயின் வாயை விரித்து முகர்ந்தவர், சிரிப்பை நிறுத்தினார். "மோந்து பாரு."

கனிந்து அழுகத் தொடங்கிய பேரிக்காய் வாடை. பேரிக்காய்க்குச் சீசன் முடிந்து மாதக்கணக்காகிவிட்டது.

"ஊசி ஒழுங்கா போகல. எத்தன வேள விட்ட?"

"தெரியல அங்கிள்."

"தெரியலயா? போட்டவளுக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்?" அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "மாட்டு டாக்டர் பழனிக்குப் போயிருக்காரு, திங்கக்கிழமதான் வருவாரு. இன்னிக்குச் சாயங்காலம் ஊசி தவறுச்சுன்னா இது திங்கக்கிழமையப் பாக்காது. சொல்லிட்டேன்."

"அங்கிள், ஆறு மணிக்கு நீங்க கொஞ்சம் வீட்டுக்கு வர முடியுமா?"

அவர் மிட்டாயைக் கூடைக்குள் வைத்தார். மூடியைச் சரிசெய்ய நேரம் எடுத்துக்கொண்டார். "எனக்கு அந்நேரம் சோலி இருக்கு பாப்பா," என்றார். "அந்த வீட்டுக்கு ஆறு மணிக்கு நான் வந்ததில்ல."

ஐந்து மணிக்கே ஜென்சி எல்லாவற்றையும் வரிசைப்படி செய்தாள். மதுரைக்குப் பஸ்ஸில் கொண்டுபோகும் பிரம்புக் கூடையில் மிட்டாயை வைத்து, மூடியைக் கயிற்றால் கட்டி, சமையலறை மேடையில் வைத்தாள். மெழுகுவத்தி ஏற்றினாள். படுக்கையறையில் தட்டு வைக்கவில்லை. பழைய தட்டு கட்டிலுக்கு அடியில் காலியாகவே கிடந்தது. சமையலறைக் கதவைச் சாத்தி உள்ளிருந்து தாழ் போட்டாள். பழைய கதவு, கீழே இரண்டு விரல் உயரத்துக்கு இடைவெளி இருந்தது, அதன் வழியே குளிர் வந்து அவள் கணுக்காலைத் தடவிக்கொண்டே இருந்தது.

ஆறு மணி. கரண்ட் போனது.

கயிற்றை அவிழ்த்தாள். மெழுகுவத்தியைத் தூக்கி முகத்தைப் பார்த்தாள். மிட்டாய். மணி. காய்ந்த மூக்கு. அரைக்கண். மீன் துண்டை உதட்டில் வைத்ததும் மெதுவாக நக்கியது. மெல்லிய தோலை இரண்டு விரலால் எப்படியோ பிடித்து இரண்டு யூனிட் ஏற்றினாள். மிட்டாய் பலவீனமாக உறுமியது. அந்த உறுமலைக் கேட்டு ஜென்சிக்கு அழுகை வந்தது. பிரிட்ஜ் கதவுக்குப் போய் ஒரு டிக் போட்டாள். சந்தேகமே இல்லாத ஒரு டிக்.

அப்போது படுக்கையறையில் தட்டு நகர்ந்தது.

சிமெண்ட் தரையில் அலுமினியம் உரசும் சத்தம். காலித் தட்டை மூக்கால் தள்ளுவது போல. கொஞ்சம் நகர்ந்து, நின்று, மறுபடி நகர்ந்தது. வாசற்படியில் இடித்தது. ஏறி இறங்கியது. ஹாலுக்குள் வந்தது.

போன் அடித்தது. தட்டு நின்றது. ஒன்பது முறை அடித்து ஓய்ந்தது போன். தட்டு நகர்ந்தது.

கதவில் வந்து முட்டியது.

ஈரக் கம்பளி வாடை. அதற்கு மேல், மூச்சை அடைக்கும் அளவுக்கு, அழுகிய பேரிக்காய். கூடையிலிருந்து வரவில்லை. கதவுக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது.

மிட்டாய் கூடைக்குள் தன்னைச் சுருக்கிக்கொண்டது. மணி கூட அசையவில்லை.

"போ," என்றாள் ஜென்சி.

தட்டு மறுபடி முட்டியது. மெதுவாக. கோபமில்லாமல். பசித்த பூனை காலில் முட்டுவது போல.

பிறகு கதவின் கீழே ஏதோ வந்தது.

பாதம் இல்லை. மூக்கு இல்லை. தோல். நனைந்த, சாம்பல் நிறத் தோல். இடைவெளி வழியே கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டையாக நுழைந்து, ஒரு கை நீளத்துக்குத் தரையில் விரிந்தது. மெழுகுவத்தியைக் கீழே இறக்கினாள். அதில் இரண்டு சிவப்புப் புள்ளிகள். புதன், வியாழன். அவற்றைச் சுற்றி ஆறிப்போன வெள்ளைப் புள்ளிகள். பத்தல்ல, இருபதல்ல. பக்கம் பக்கமாக, நெருக்க நெருக்கமாக, வருடக்கணக்கான மாலைகள்.

பிரிட்ஜைப் பார்த்தாள். நவம்பர். முப்பது மாலைக் கட்டம். கட்டத்துக்கு இரண்டு.

தரையில் கிடந்த தோல் அசைந்தது. நடுவில் மெல்ல எழும்பியது. யாரும் தூக்கவில்லை. தானாகவே கூடாரம் மாதிரி எழுந்து, விரலுக்குத் தோதாக நின்றது.

காத்திருந்தது.

6-12-2008, சனி.
மிட்டாய்க்கு 6.02. முகம் பார்த்தேன். கதவுக்கு அடியில் 6.40. முகம் பார்க்கவில்லை. இரண்டு டிக் போட்டாயிற்று. மிட்டாய் தூங்குகிறது. மற்றது இன்னும் போகவில்லை. கதவில் சாய்ந்து படுத்திருக்கிறது. சுகமாக இருக்கும்போது மிட்டாய் தொண்டைக்குள் செய்யும் சத்தத்தைத்தான் இதுவும் செய்கிறது, ஆனால் தாழ்ப்பாள் அதிர்கிறது, நான் சாய்ந்திருக்கும் சுவரும் அதிர்கிறது, அதனால் எழுத்து சரியாக வரவில்லை.

நாளை மாலை ஐந்தே முக்கால்: ஊசி இரண்டு, தட்டு இரண்டு எடுத்து வைக்க வேண்டும். டார்ச் வேண்டாம்.