ஆயிரமாவது புள்ளி

மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஏழாம் வகுப்புப் படிக்கும் சுடர்விழி, தானே ஒரு போன் விளையாட்டைச் செய்திருந்தாள். அறுவடை முடிந்த வயலில் பத்து வாத்துகள் மேயும். தொட்டால் ஒவ்வொன்றாக ஓடிப்போய்ப் பட்டிக்குள் அடையும். பத்தும் அடைந்துவிட்டால் வெற்றி.

சிங்கப்பூரிலிருந்து மாமா கொண்டுவந்த பெரிய டேப்லெட்டில் அது அருமையாக ஓடியது.

சனிக்கிழமை கணினி வகுப்பில், தோழி கமருன்னிஸா தன் அத்தாவின் போனில் அதை ஏற்றிக்கொண்டாள். அவர் பம்புசெட் மோட்டார் பழுது பார்ப்பவர். மகள் கெஞ்சிக் கேட்டதால் ஒரு மணி நேரத்துக்குப் போனைக் கொடுத்திருந்தார்.

கமருன்னிஸா முதல் வாத்தைத் தொட்டாள். அது குடுகுடுவென்று ஓடித் திரையின் வலது ஓரத்துக்குப் போனது. அப்படியே காணாமல் போய்விட்டது.

“என் வாத்து எங்கடி?”

இரண்டாவதும் போனது. மூன்றாவதும் போனது. பட்டியே திரையில் இல்லை.

“வெளியூருக்கு மேயப் போயிருச்சு போல,” என்றான் பரணிதரன். வகுப்பே சிரித்தது.

சுடர்விழியின் முகம் சுருங்கியது. “என் கேம்ல ஒரு தப்பும் இல்ல. இது ஓட்டை போன். இதுல எதுவும் ஓடாது,” என்றாள் சத்தமாக.

இப்போது எல்லோரும் போனைப் பார்த்துச் சிரித்தார்கள். கமருன்னிஸா போனைக் கைக்குட்டையால் துடைத்துப் பைக்குள் வைத்தாள். வகுப்பு முடியும்வரை தலை நிமிரவில்லை.

அன்று மாலை அம்மா தன் போனில் அந்த விளையாட்டை ஏற்றித் தரச் சொன்னார்.

“வாத்து ஓடுது, சரி. பட்டி எங்கடி இருக்கு?”

சுடர்விழி போனைப் பிடுங்கிப் பார்த்தாள். அம்மா அந்தப் போனை வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை.

அண்ணனின் லேப்டாப்பைத் திறந்து, தான் எழுதிய நிரலைப் படித்தாள். திரை என்பது சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆனது. அவற்றைப் பிக்சல் என்பார்கள். டேப்லெட்டின் அகலம் 1200 பிக்சல். அதனால் ஆயிரமாவது புள்ளியில் பட்டியை வைத்திருந்தாள்.

அம்மாவின் போனில் எத்தனை புள்ளி? அதைப் போனிடமே கேட்க ஒரு வரி எழுதினாள். பதில் வந்தது: 720.

எழுநூற்று இருபதிலேயே முடிந்துவிடும் திரையில் ஆயிரமாவது புள்ளி எங்கே இருக்கும்?

ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கமருன்னிஸா அத்தாவின் போனும் சொல்லியிருக்கும். அவள் கேட்கவே இல்லை. கைக்குட்டையால் போனைத் துடைத்த கமருன்னிஸாவின் கை கண்ணுக்குள்ளேயே நின்றது.

ஞாயிற்றுக்கிழமை, 1000 என்ற எண்ணை அழித்தாள். முதலில் திரையின் அகலத்தைக் கேட்டுக்கொண்டு, அதில் ஆறில் ஐந்து பங்கு தள்ளிப் பட்டியை வைக்கும்படி மாற்றினாள். அம்மாவின் போனில் பட்டி வந்துவிட்டது. ஆனாலும் அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை.

திங்கட்கிழமை இடைவேளையில் கமருன்னிஸாவின் அருகே போய் மெதுவாகச் சொன்னாள்: “சாரி கமரு. உங்க போன் நல்லாத்தான் இருக்கு. தப்பு என்னோடது.”

“இப்ப என் காதுல மட்டும் சொல்ற. அன்னைக்குக் கத்தித்தானே சொன்ன?”

மணி அடித்தது. எல்லோரும் வகுப்புக்குள் வந்தார்கள். ஆசிரியர் வருவதற்குள் சுடர்விழி கரும்பலகை முன்னால் போய் நின்றாள். பெரிதாக ஒரு கட்டமும் சின்னதாக ஒரு கட்டமும் வரைந்து, 1200, 720 என்று எழுதினாள்.

“பெருசு என் டேப்லெட், சின்னது போன். பட்டியை ஆயிரமாவது புள்ளியில வச்சேன். சின்னக் கட்டத்துல அது எங்க இருக்கும்?”

“வெளியில,” என்றான் பரணிதரன்.

“ஆமா. பட்டியை நான்தான் வெளியில வச்சுட்டேன். கமரு அத்தாவோட போன் மேல ஒரு தப்பும் இல்ல. அதை ஓட்டை போன்னு சொன்னேன்ல, எனக்கே அசிங்கமா இருக்கு.”

யாரும் சிரிக்கவில்லை. அவள் குனிந்தபடியே திரும்பி வந்தாள். கமருன்னிஸா பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

மாலையில் கமருன்னிஸாவின் அத்தா பள்ளி வாசலுக்குப் பைக்கில் வந்தார். சுடர்விழி தயங்கித் தயங்கி அவரிடம் போனைக் கேட்டு வாங்கி, புது விளையாட்டை ஏற்றிக் கொடுத்தாள். அவர் ஒரு வாத்தைத் தொட்டார். அது ஓடிப்போய்ப் பட்டிக்குள் நுழைந்தது. இன்னொன்றைத் தொட்டார்.

கமருன்னிஸா பைக்கின் பின்னால் ஏறி உட்கார்ந்து வெகுநேரம் ஆகிவிட்டது.

“அத்தா, போலாம்!”

“இரும்மா,” என்றார் அவர், தலையை நிமிர்த்தாமல். “இன்னும் ரெண்டு வாத்து வெளியில நிக்குது.”