அவிட்டத்து ஜன்னல்

ஜன்னல் மாட்ட வந்த துலுக்கானம் வெளிப்பக்கம் நின்று துணியால் தேய்த்துக்கொண்டே இருந்தான். புதுக் கண்ணாடியின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு இருந்த மங்கல் மட்டும் போகவே இல்லை.

“இன்னா சார் இது, ஆவி கட்டிக்கினு கீது? உள்ளார ஏசி ஓடுதா?”

“அந்த ரூம்ல ஏசியே கிடையாதுப்பா,” என்றார் ரகுநாதன்.

“அப்போ உள்பக்கமாத்தான் கீது. தானா பூடும். சிலிகான் பசை காயற வரைக்கும் கை வெக்காதீங்க சார்.” சாமான்களை வண்டியில் கட்டிக்கொண்டு அவன் கிளம்பிப் போனான்.

அவன் தப்பாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. கண்ணாடியில் படிவதற்கு வேறு என்ன பெயர் இருக்கிறது? ஆனாலும் ஆவி என்ற அந்தச் சொல்லை ரகுநாதன் வாய்க்குள் இன்னொரு முறை சொல்லிப் பார்த்தார்.

ஆறு மாதத்துக்கு முன்னால் அந்த அறையில்தான் அவர் மனைவி சுலோசனா இழுத்து இழுத்து மூச்சுவிட்டுக் கண்ணை மூடினாள். உடனே நட்சத்திரம் பார்த்தார்கள். அவிட்டம், அடைப்பு உள்ள நட்சத்திரம். ஆறு மாசம் அறையை அடைத்துப் போடணும் என்றார் ஒருத்தர். தலைவாசல் வழியாக எடுத்தால் வழி தெரிந்து திரும்பி வந்துவிடுவாள் என்றார் இன்னொருத்தர். ஆளாளுக்கு ஒன்று சொல்லி, அந்தக் காலத்துத் தேக்கு ஜன்னலைச் சட்டத்தோடு பெயர்த்து, அந்த ஓட்டை வழியாக அவளைக் கைமாற்றி வெளியே இறக்கினார்கள். பீரோவை இறக்குவதுபோல இறக்கினார்கள், பாவிகள். தினமும் கோலம் போட்ட வாசலை அவள் கடைசியாக ஒருமுறை தாண்டவில்லை. அப்புறம் அறையைப் பூட்டினார்கள். ஓட்டைக்குக் கட்டிய தார்ப்பாய் கொரட்டூர் ஏரிக் காற்றில் ஆறு மாதமும் படபடவென்று அடித்துக்கொண்டே கிடந்தது.

அடைப்பு முடிந்து ஜன்னல் பார்க்க அம்பத்தூர் கடைக்குப் போனபோது, அவர் மனசு திறக்கிற ஜன்னலில்தான் நின்றது. இரண்டு கதவும் வெளியே விரியத் திறக்கும். அவள் வரட்டுமே, வந்தால்தான் என்ன? ஆனால் இதையெல்லாம் வாய்விட்டு யாரிடம் சொல்வது? வளைகாப்பு முடிந்திருந்த மகள் எழிலரசி போனில் அழுதாள்.

“அது அம்மா போன வழிப்பா. கொழந்தையை நான் அந்த ரூம்லதான் போட்டுக்கணும். தொறக்கிற மாதிரி வெச்சீங்கன்னா பிரசவத்துக்கு நான் அங்க வரவே மாட்டேன்.”

இருக்கிறவளா, போனவளா? இருக்கிறவளுக்காக, திறக்கவே திறக்காத ஒற்றைக் கண்ணாடிக்குச் சொல்லிவிட்டு, பஸ்ஸில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வந்தார். நாளைக் காலையில் எழில் வருகிறாள்.

விளக்கு வைக்கும் நேரம். எதிர்வீட்டில் குக்கர் விசில் அடித்து அடங்க, ஸ்டேஷன் பக்கம் ரயிலின் ஹாரன் தேய்ந்துபோக, சந்தில் மெல்ல இருட்டு ஏற, ரகுநாதன் கண்ணாடிக்கு நெருக்கமாகப் போய் நின்றார். மங்கல் சுருங்கியது. விரிந்தது. மறுபடி சுருங்கியது. நீளமாக ஒரு இழுப்பு, நடுவில் அறுந்து, குட்டியாக இரண்டு. பக்கத்தில் படுத்துக்கொண்டு இரவெல்லாம் கேட்ட மூச்சு அது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவள் எப்போதோ வந்துவிட்டாள். தார்ப்பாய் மட்டும் தொங்கிய நாட்களில், போன வழியாகவே வந்து உள்ளே இருந்திருக்கிறாள். இன்றைக்கு அந்த வழியை அடைத்தது அவர்தான்.

காம்பவுண்டு ஓரம் கிடந்த செங்கல்லைத் தூக்கினார். உடைத்தால், காலையில் எழில் பார்ப்பாள். வாசலோடு திரும்பிப் போய்விடுவாள். கல்லைக் கீழே போட்டார். அறைக்குக் கதவு இருக்கிறதே.

“சுலோ, கொஞ்சம் இரும்மா. கதவைத் தொறந்து விடறேன்.”

தட்டுத் தடுமாறி உள்ளே ஓடி, அறைக் கதவை அகலத் திறந்து, விளக்கைப் போட்டார். யாரும் இல்லை. சிலிகானின் புளிப்பு நெடிக்கு அடியில் அவள் தேய்த்துக்கொள்ளும் தைலத்தின் வாசனை. சரக். சரக். சுவரில் எதுவோ உராய்ந்தது.

ஈரமான ஒரு கைத்தடம். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அடுத்து இன்னொன்று. சுவரைத் தடவிக்கொண்டே கதவை நோக்கி வந்தது.

“இதான் கதவு. இப்படி வா. வா சுலோ.”

நிலை வரைக்கும் வந்தது. திறந்த வாசலில், வெறும் காற்றில், அதே சரக். சரக். அந்தப் பக்கத்துச் சுவரில் மறுபடி கைத்தடம் தொடங்கியது. வாசல் தெரியக்கூடாது என்றுதானே அவளை அப்படிக் கொண்டுபோனார்கள். தெரியவில்லை. அவளுக்கு அங்கேயும் சுவர்தான்.

அறையைச் சுற்றிக்கொண்டு மறுபடி வந்தது. மூச்சு இன்னும் இழுத்தது. ரகுநாதன் நிலைக்கு நடுவில் நின்றுகொண்டார். அழுதார். என்னைத் தெரியாதா உனக்கு?

சில்லிட்ட விரல்கள் அவர் நெற்றியைத் தொட்டன. கண்ணை. மூக்கை. உதட்டை. இதோ, இப்போது தெரிந்துவிடும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சுவரைத் தடவியதுபோலவே அவரையும் தடவிவிட்டு, அந்தக் கை அடுத்த சுவருக்குப் போயிற்று.