பாபாவைத் தண்ணீரில் இறக்கிய நாள்

என் பாபா, அதாவது என் அப்பா, படுத்துத் தூங்கி ஆறு மாதம் ஆகிறது. லாரி ஓட்டி ஓட்டி முதுகு வீணாகிவிட்டது. படுத்தாலே வலி உயிர் போகும். அதனால் இரவெல்லாம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்காது.

"சாக்கடல்ல போய் மிதந்து பாருங்க, முதுகு கொஞ்சம் இளகும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். பாபா இரண்டு மாதம் சாக்குச் சொன்னார். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை எங்கள் ஊரான மஃப்ரக்கிலிருந்து கிளம்பினோம். பாபா, நவால் அத்தை, அவள் கணவர் ராதிப் மாமா, பத்து வயது ருதைனாவாகிய நான். பாபாவைத் தண்ணீரில் இறக்காமல் வீடு திரும்புவதில்லை என்று வண்டியில் ஏறும்போதே முடிவு செய்துவிட்டேன்.

கரைக்கு வந்ததும் பாபா தர்பூசணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"நீங்க போங்க. நான் சாமானைப் பாத்துக்கறேன்."

"தர்பூசணியை யாரு தூக்கிட்டுப் போகப் போறா, பாபா?"

"ஈ மொய்க்கும்ல."

தண்ணீரில் மல்லாந்து கிடந்த ராதிப் மாமா அங்கிருந்தே குரல் கொடுத்தார். "என்ன மச்சான், அகபா துறைமுகம் வரைக்கும் லாரியில நாப்பது டன் இழுக்கறவருக்கு இந்தக் குட்டையைப் பாத்தா பயமா?"

பாபாவின் காது சிவந்துவிட்டது. "டீ போடறேன்" என்று அடுப்பைப் பற்றவைக்கத் தொடங்கினார்.

நான் விடவில்லை. வேகவைத்த முட்டை ஒன்றை எடுத்துப் போய்த் தண்ணீரில் போட்டேன். அது ஜம்மென்று மிதந்தது.

"முட்டை நூறு கிலோ இல்லியே" என்றார் பாபா.

"அத்தை உங்களை விட கனம். அவங்களே மிதக்கறாங்க."

"எனக்குக் காது கேக்குதுடி" என்றாள் மாமாவுக்குப் பக்கத்தில் மிதந்துகொண்டிருந்த அத்தை, கண்ணைத் திறக்காமலே.

இது சரிப்படாது என்று பாபாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "நெஜமாவே என்ன பாபா?"

அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உன் வயசுல மழைத்தண்ணித் தொட்டியில விழுந்துட்டேன். காலால தரையைத் தேடுனேன், தரையே இல்ல. உங்க மாமாகிட்ட சொல்லிடாத."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாவமாக இருந்தது.

"தரை இருந்தா வருவீங்களா?"

பாபா அடுப்பை அணைத்தார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பாறைக்கு அந்தப் பக்கம் போனேன். மாமாவின் கண் அங்கே எட்டாது. முழங்கால் அளவு தண்ணீரில் நின்றேன்.

"இங்கயே உட்காருங்க. கையைக் கீழே விட்டா தரை இருக்கும்."

பாபா குனிந்து, டயரைச் சோதிப்பது போல் மூன்று இடத்தில் தரையைத் தட்டிப் பார்த்தார். பிறகு மெல்ல உட்கார்ந்தார். உடனே அவருடைய இரண்டு பாதங்களும் தண்ணீருக்கு மேலே வந்துவிட்டன.

"ருதைனா, பிரேக் பிடிக்கல."

அவருடைய இரண்டு கைகளும் காற்றில் எதையோ இறுக்கிப் பிடித்திருந்தன.

"ஸ்டியரிங்கை விடுங்க பாபா."

அவர் தன் கைகளையே பார்த்தார். விரல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஒரு கை தரையைத் தொட்டுக்கொண்டது. கொஞ்ச நேரம் கழித்து அதுவும் மேலே வந்தது. அந்த உப்புத் தண்ணீர் பட்டால் கண் எரியும் என்று நான் அவர் தலையைத் தாங்கிக்கொண்டேன்.

என் கால் மரத்துப்போயிற்று. பாறை உரசிய கீறல்கள் உப்பு பட்டு எரிந்தன. நான் அசையவில்லை. பாபாவின் நெற்றிச் சுருக்கம் போய், வாய் லேசாகத் திறந்தது. குறட்டை கேட்டது.

அந்த நேரம் பார்த்து ராதிப் மாமா பாறையைச் சுற்றி வந்தார். பாபாவைப் பார்த்ததும் கிண்டல் செய்ய வாயைத் திறந்தார்.

"மாமா, சத்தம் வந்துச்சுன்னா இந்தத் தண்ணியை உங்க கண்ணுல ஊத்திடுவேன்" என்று கிசுகிசுத்தேன்.

மாமா என் முகத்தைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு, நுனிக்காலில் திரும்பி நடந்தார்.