ஒரு வெற்றிலை மிச்சம்

வெற்றிலைத் தட்டத்தை ஏந்திக்கொண்டு நின்ற விதுசாவுக்குக் கை கடுத்தது.

மேடையில் பள்ளி அதிபர் பேசிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்துக்கு அத்திவாரம் வெட்டிய கதையில் தொடங்கியவர், இப்போதுதான் கிணறு தோண்டிய கதைக்கு வந்திருந்தார்.

"இனிக் கூரை போடவேணும். பிறகு மதில் கட்டவேணும்," என்று பாக்குக் கிண்ணத்தோடு பக்கத்தில் நின்ற நிலக்சன் முணுமுணுத்தான். "அதுக்குள்ள பொங்கின புக்கை ஆறிப் போயிரும்."

"சும்மா இருடா. நான் சிரிச்சா வெற்றில விழுந்திரும்."

அன்று உயர்தர வகுப்பு அக்காமாருக்கும் அண்ணாமாருக்கும் பிரியாவிடை. அடுத்த மாதம் அவர்களுக்குப் பரீட்சை. நாளையிலிருந்து அவர்கள் பள்ளிக்கு வரமாட்டார்கள். ஒவ்வொருவரும் தங்களுக்குப் படிப்பித்த ஆசிரியர்களுக்கு வெற்றிலை கொடுத்து, வணங்கி, ஆசி பெற்றுப் போவது அந்தப் பள்ளியின் வழக்கம். தட்டம் ஏந்துவது ஆறாந் தரத்துப் பிள்ளைகளின் வேலை.

வெற்றிலை கொடுக்கும் முன், எல்லோர் சார்பிலும் யசோதினி அக்கா நன்றி சொல்ல வேண்டும். அவள் விதுசாவின் அடுத்த வீட்டுக்காரி. ஒரு கிழமையாக வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அவள் பேசிப் பழகியதைக் கேட்டுக் கேட்டு, விதுசாவுக்கே அது மனப்பாடமாகிவிட்டது.

அந்தப் பேச்சில் பாதிக்கு மேல் பிறெண்டா ரீச்சரைப் பற்றியது. ரீச்சருக்கும் இன்றுதான் இங்கே கடைசி நாள். நகரத்துப் பள்ளி ஒன்றுக்கு இடமாற்றம் வந்துவிட்டது.

அதிபர் கிணற்றை விட்டுக் கூரைக்கு ஏறியபோது, வாவிப் பக்கமிருந்து ஒரு விசில் சத்தம் கேட்டது.

விதுசாவுக்குத் திக்கென்றது. அது அவளுடைய அப்பாவின் விசில்.

அவளுடைய அப்பா இராசதுரை பாதை ஓட்டுபவர். வாவியின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு ஆட்களை ஏற்றிப் போகும் பெரிய தட்டையான மிதவையைத்தான் அந்த ஊரில் பாதை என்பார்கள். அதன் பக்கத்தில் கட்டிய இயந்திரப் படகு அதைத் தள்ளிக்கொண்டு போகும். ஆசிரியர்களில் பலருக்கு வீடு கடற்கரைப் பக்கம். காலையில் பாதையில் வந்து, பிற்பகலில் பாதையில் போவார்கள்.

சண்டை முடிந்து இரண்டு மாதந்தான் ஆகியிருந்தது. துறையடியில் இராணுவக் காவலரண் இன்னும் இருந்தது. ஆசிரியர்களை ஏற்றிய கடைசிப் பாதை அக்கரைக்குப் போய்விட்டால், இந்தக் கரையிலிருந்து பிறகு யாரும் ஏற முடியாது. அப்பா முதலில் ஒரு விசில் ஊதுவார். அது ஆயத்தமாகச் சொல்வது. இரண்டாவது விசிலுக்குப் பாதை புறப்பட்டுவிடும்.

சத்தம் கேட்டு ஆசிரியர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பாறூக் சேர் மெதுவாக எழுந்து அதிபரின் காதில் ஏதோ சொன்னார்.

அதிபர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவர் முகம் வாடிவிட்டது.

"கல்விக் கந்தோரிலிருந்து வந்த ஐயாவும் பிந்தித்தான் வந்தார். நானும் கொஞ்சம் நீட்டிப்போட்டன்," என்றார். "பிள்ளைகள், மன்னிச்சுக்கொள்ளுங்க. ரீச்சர்மார் போக வேணும்."

கல்வி அலுவலகத்திலிருந்து சிறப்பு விருந்தினராக வந்த அந்தக் கந்தோர் ஐயா, தன் மோட்டார் சைக்கிளில் ஊர்ப்பக்க வீதியால் ஏற்கனவே போய்விட்டிருந்தார்.

பிறெண்டா ரீச்சர் கைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டார். ஒரு தரம் திரும்பிப் பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு படியிறங்கினார்.

யசோதினி அக்கா எழுதி வைத்த தாளைக் கையில் பிடித்தபடி நின்றாள். அவள் அழவில்லை. ஆனால் தாளை மடித்தாள். மடித்ததை மறுபடியும் மடித்தாள்.

"அக்கா, பேசுங்களன்," என்றாள் விதுசா.

"ஆருக்குப் பேசுறது புள்ள? அவங்க எழும்பிட்டாங்களே. நாளைக்கு வந்து சொல்லுவம் எண்டாலும் ரீச்சர் இஞ்ச இருக்கமாட்டா."

விதுசா தட்டத்தைப் பார்த்தாள். காலையில் அவளே கழுவித் துடைத்து அடுக்கிய வெற்றிலைகள். எல்லாம் அப்படியே இருந்தன.

அவளுக்குத் தன் வீட்டு நினைவு வந்தது. அப்பா தினமும் கடைசியாக ஆசிரியர்களை இறக்கிவிட்டு, வெறும் பாதையை ஓட்டிக்கொண்டு இந்தக் கரைக்கே வருவார். அதைத் துறையில் கட்டிவிட்டுத்தான் தேத்தண்ணி குடிக்க வீட்டுக்கு வருவார்.

அவள் தட்டத்தோடு அதிபரிடம் ஓடினாள்.

"சேர், அக்காமாரும் பாதையில போகட்டுமே."

"எங்க போறது?"

"ரீச்சர்மாரோட அங்கால போய், அங்க வச்சு வெற்றில குடுக்கட்டும்."

"நல்ல கதை. பிறகு இவ்வளவு பேரும் நீந்தியா வாறது?"

"இல்ல சேர். அப்பாட பாதை இஞ்சதான் நித்திர கொள்ளும். வெறுமனேதான் திரும்பி வரும்."

அதிபர் ஒரு கணம் பேசாமல் நின்றார். அந்தப் பள்ளிக்கூடத்தில் அவர் பேசாமல் நிற்பதைப் பிள்ளைகள் அன்றுதான் பார்த்தார்கள்.

"ஓடுங்க," என்றார். "நானும் வாறன்."

வெள்ளைச் சீருடைகள் எல்லாம் துறையடியை நோக்கி ஓடின. விதுசாவால் ஓட முடியவில்லை. வெற்றிலை பறந்துவிடாமல் ஒரு கையால் மூடிக்கொண்டு வாத்துப்போல நடந்தாள். நிலக்சன் பாக்குக் கிண்ணத்தோடு பின்னால் வந்தான்.

காவலரணில் நின்ற இளம் சிப்பாய் கையை நீட்டி மறித்தார். அதிபர் நடந்ததைச் சொன்னார். சிப்பாய் எல்லோரையும் பார்த்துவிட்டு, வெற்றிலைத் தட்டத்தையும் பார்த்தார். அவருடைய ஊரிலும் பிள்ளைகள் ஆசிரியருக்கு வெற்றிலை கொடுப்பார்கள் போலும். முகம் இளகியது.

"எல்லாரும் திரும்பி வரணும்," என்று பழகிய அளவு தமிழில் சொல்லி வாசல் கேற்றைத் திறந்துவிட்டார்.

பாதையில் ஏறியிருந்த ஆசிரியர்கள் திகைத்துப் போனார்கள். இராசதுரை விசிலை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நின்றார்.

"என்ன மகள் இது? ஊரே வருது?"

"கூட்டிட்டுப் போய்த் திருப்பிக் கொண்டந்து விடுங்க அப்பா. சேர் ஓம் எண்டிட்டார்."

"உழவு இயந்திரத்தையே ஏத்துற பாதை. இவங்களை ஏத்தாதா? ஏறுங்க, ஏறுங்க. ஓரத்தில நிக்காதீங்க."

இரண்டாவது விசில் ஊதியது. பாதை கரையை விட்டு நகர்ந்தது.

யசோதினி அக்கா மடித்த தாளைத் திறந்தாள். காற்று அதைப் படபடவென்று அடித்தது. அவள் தாளைச் சட்டைப் பையில் வைத்துவிட்டுப் பேசத் தொடங்கினாள்.

"கடல் பொங்கி வந்த வருசம் நாங்க ஒன்பதாந் தரம் முடிச்சிருந்தம். பிறெண்டா ரீச்சர்ட வீட்டைக் கடல் கொண்டு போயிற்று எண்டு சொன்னாங்க. இனி ரீச்சர் வரமாட்டா எண்டு நினைச்சம். பள்ளி திறந்த அண்டைக்கு எல்லாரும் இந்தத் துறையில வந்து நிண்டம்."

பிறெண்டா ரீச்சர் தலையைக் குனிந்துகொண்டார்.

"பாதை வந்திச்சு. ரீச்சர் இறங்கினா. ஆரோ குடுத்த சாரி. ஆரோட செருப்போ, ரெண்டு அளவு பெரிசு. எங்களுக்கு என்ன சொல்றதெண்டு தெரியல்ல. ரீச்சர்தான் முதல்ல பேசினா. என்ன சொன்னா எண்டு ஞாபகமா ரீச்சர்?"

"இல்லையே மகள்."

"லீவுக்கு வரையச் சொன்ன இலங்கைப் படம் எங்க எண்டு கேட்டீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். ரீச்சரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்.

"ஒருத்தரும் வரையல்ல," என்றார் அவர். "எனக்கு அது மட்டும் நல்லா ஞாபகம்."

"பிறகு சண்டைக்குள்ள நாங்க கூடாரத்தில இருந்தம். அங்கயும் ரீச்சர் வந்தா, பாறூக் சேர் வந்தார். மரத்துக்குக் கீழ வச்சுப் படிப்பிச்சாங்க. நாங்க எங்க இருந்தாலும் நீங்க தேடி வந்தீங்க. இண்டைக்கு ஒரு நாள்தான் நாங்க உங்களோட வாறம். அதுக்கே எங்களுக்குப் பெருமையாக் கிடக்கு. கடவுள் உங்களை நல்லா வச்சிருக்க வேணும்."

அவ்வளவுதான் அவள் பேசினாள். தாளில் இன்னும் ஒரு பக்கம் இருந்தது. விதுசாவுக்கு அது தெரியும். ஆனால் அது தேவைப்படவில்லை.

ஆளாளுக்கு வெற்றிலையை எடுத்தார்கள். முதலில் பிறெண்டா ரீச்சரை வணங்கத்தான் எல்லோருக்கும் அவசரம். ரீச்சர் இடது பக்கத்து ஓரத்துக் கம்பியைப் பிடித்தபடி நின்றார். முழு வகுப்பும் இடது பக்கம் ஓடியது.

பாதை சாய்ந்தது. அதிபரின் ஒரு காலில் கிடந்த சப்பாத்துக்குள் தண்ணீர் புகுந்தது.

"ஒரு பக்கமா விழாதீங்க," என்று கத்தினார் இராசதுரை. "கும்பிடுறதெண்டா ரெண்டு பக்கமும் பிரிஞ்சு கும்பிடுங்க. இல்லாட்டி எல்லாருக்கும் இண்டைக்குத் தீர்த்தமாடத்தான் வரும்."

"நடுவில வாங்க ரீச்சர்," என்று விதுசா அவரைக் கைபிடித்து நடுவில் கொண்டுவந்து நிறுத்தினாள். பிறகு எல்லோரும் ஒவ்வொருவராக வந்தார்கள். ரீச்சர் ஒவ்வொரு தலையிலும் கை வைத்து ஏதோ ஜெபித்தார். ஒரு தலையையும் அவசரமாகத் தொடவில்லை.

பாறூக் சேரிடம் வந்தபோது அவர்கள் குனியவில்லை. மனிதர் காலில் விழுவது தங்கள் மார்க்கத்தில் இல்லை என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். வெற்றிலையை இரு கையாலும் வாங்கி, நெஞ்சில் கை வைத்தார்.

"நீங்க எனக்காக இறைவனிட்டக் கேளுங்க மனே. நானும் உங்களுக்காகக் கேக்கிறன்," என்றார். "சோதனைக்குப் பேனை ரெண்டு கொண்டு போங்க. அதையும் மறந்திராதீங்க."

மற்ற ஆசிரியர்களுக்கும் கொடுத்தார்கள். ஈரச் சப்பாத்தோடு நின்ற அதிபருக்கும் கொடுத்தார்கள்.

"நானும் இரண்டு வார்த்தை சொல்லலாமோ?" என்றார் அதிபர்.

"கரை வந்திட்டுது சேர்," என்றார் இராசதுரை. அதிபரே முதலில் சிரித்தார்.

அக்கரையில் ஆசிரியர்கள் இறங்கினார்கள். வழக்கமாக இறங்கியதும் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள். அன்று பஸ் வந்து நின்று, இரண்டு தரம் ஹோர்ன் அடித்துவிட்டுப் போனது. ஒருவரும் அசையவில்லை. பாதை திரும்பி வாவியின் நடுவுக்கு வரும்வரை அவர்கள் கரையில் நின்று கை காட்டிக்கொண்டிருந்தார்கள். ரீச்சரின் கையில் வெற்றிலைக் கட்டு ஒரு பச்சைப் பூங்கொத்துப் போலத் தெரிந்தது.

விதுசா தட்டத்தைக் கீழே வைக்கப் போனாள். அதில் ஒரு வெற்றிலை மிச்சம் கிடந்தது. கந்தோர் ஐயாவுக்கென்று வைத்தது.

அவள் அதை எடுத்து யசோதினி அக்காவிடம் கொடுத்தாள். இயந்திரத்தின் பக்கம் நின்ற அப்பாவைப் பார்த்தாள். அக்காவுக்கு விளங்கிவிட்டது.

"மாமா, இது உங்களுக்கு."

இராசதுரை எண்ணெய் படிந்த கையை அவசரமாக இடுப்புச் சாரத்தில் துடைத்தார்.

"எனக்கென்னத்துக்குப் புள்ள? நான் என்ன படிப்பிச்சனான்?"

"படிப்பிச்சவங்களை ஒவ்வொரு நாளும் கொண்டுவந்து விட்டீங்களே மாமா. மழைக்கும் நிப்பாட்டல்ல, வெள்ளத்துக்கும் நிப்பாட்டல்ல."

அவள் குனிந்து வணங்கினாள். இராசதுரை வெற்றிலையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"வெற்றில தந்தாப் போதுமா? பாக்கு எங்க?"

நிலக்சன் ஓடிவந்து கிண்ணத்தை நீட்டினான். நாள் முழுவதும் வெற்றிலை மெல்லும் இராசதுரை, பாக்கை மட்டும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

வெற்றிலை அவருடைய சட்டைப் பையில், நெஞ்சோடு பத்திரமாக இருந்தது.