சும்மா உட்காரும் தேர்வு

தேர்வுக்கான தானோடி வண்டிக்குள் ஏறிய கலியமூர்த்தி செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைத் தரையில் வைத்தார். இல்லாத பிரேக்கை மிதிக்கிறவர்களைப் பிடிப்பதற்கென்றே செய்த தரை அது. பெருவிரல் துடித்தாலும் கண்டுபிடித்துவிடும்.

வண்டிகள் தாமாகவே ஓடத் தொடங்கிய பிறகு, விபத்துக்குக் காரணமாக மிஞ்சியவர்கள் பயணிகள் மட்டும்தான். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி எதிர்வண்டிக்கு வழி சொன்னார்கள். ‘ஒடி, ஒடி’ என்று கத்தியே நல்ல வண்டியைப் பைத்தியமாக்கினார்கள். அதனால் வந்தது அமர்வுரிமம். அது இல்லாதவரை காரும் ஏற்றாது, பேருந்தும் ஏற்றாது.

கும்பகோணத்தில் தொட்டில் குழந்தைகள்கூட அதை வாங்கியாயிற்று, கலியமூர்த்திதான் பாக்கி. அவர் மனைவி அஞ்சுகம் முதல் தடவையே தேறியவர். அவர் உட்கார்ந்த அழகைப் பார்த்து கோயில் சிலைகளே வெட்கப்பட்டனவாம். அவருக்குக் கோவைக்கு மாற்றல். இன்று இரவுக்குள் போய்ச் சேராவிட்டால் வேலை போய்விடும். இவர் தோற்றாலோ, அடுத்த தேர்வு மூன்று வருடம் கழித்துத்தான். அதுவரை ஆளுக்கொரு ஊர்.

“தூங்குற மாதிரி நெனச்சுக்குங்க,” என்று சொல்லியனுப்பியிருந்தார் அஞ்சுகம். “ஆனா தூக்கத்துலயும் கியர் போடுவீங்களே, அதான் பயமாயிருக்கு.”

வண்டி ஒரு சுவரை நோக்கிச் சீறிப் பாய்ந்து, நடுவே ஓர் அப்பளம் மட்டும் நுழையும் இடைவெளியில் நின்றது. கலியமூர்த்தி அசையவில்லை. பின்பக்கமாகவே பறந்து போய்க் காவிரிக்குள் ஒரு சக்கரத்தை நனைத்துக்கொண்டு வந்தது. அசையவில்லை. எதிரே மலைபோல ஒரு லாரி வந்தபோது, குலதெய்வத்தைக் கூப்பிட எழுந்த நாக்கைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டார். தேறிவிட்டீர்கள் என்று தேர்வதிகாரி கை நீட்டியபோதும் அசையவில்லை. அதுவும் தேர்வோ என்னவோ.

உடனே சொந்த வண்டியில் மனைவியோடு கோவைக்குப் புறப்பட்டார். கடைவீதிச் சந்தில் ஒரு தானோடி எதிரே வந்து நின்றது. முதலில் நீங்கள் போங்கள் என்று இந்த வண்டி விளக்கைச் சிமிட்டியது. இல்லையில்லை, நீங்கள் போங்கள் என்று அந்த வண்டி சிமிட்டியது. இரண்டுமே விட்டுக்கொடுக்கப் பழக்கப்பட்டவை. பின்னால் சேர்ந்த வரிசை ஒரு பக்கம் தஞ்சாவூரையும் மறுபக்கம் மாயவரத்தையும் தொட்டது. அத்தனை வண்டியிலும் உரிமக்காரர்கள், கையை மடியில் வைத்தபடி கல்லாகச் சமைந்திருந்தார்கள்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கலியமூர்த்தி கதவில் கை வைத்தார்.

“எறங்காதீங்க. உரிமம் போயிடும்.”

“உன் வேலை போயிடுமே, அஞ்சுகம்.”

இறங்கி, எதிர்வண்டியின் முன்தகரத்தைத் தட்டினார். “பின்னால போ. வா, வா, வா. ஒடிச்சுக்க. ஆங், போதும்.” பிறந்ததிலிருந்து யாருமே இப்படிச் சொல்லிக் கேளாத வண்டி, மறுபேச்சில்லாமல் சுவரோரம் ஒதுங்கியது. சந்து திறந்தது.

அவருடைய உரிமம் அந்த நொடியே ரத்தானது. சொந்த வண்டியின் கதவு அவர் முகத்துக்கு நேரே மூடிக்கொண்டது. உரிமமற்றவரை ஏற்ற இயலாது என்று மிக மரியாதையாக வருத்தம் தெரிவித்துவிட்டு நகர்ந்தது.

கூடவே ஓடினார். கண்ணாடிக்கு அப்பால் அஞ்சுகம் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கன்னத்தில் கண்ணீர் வழிந்து மோவாயில் சொட்டியது. துடைத்துக்கொள்ள மடியிலிருந்து கையை எடுக்கவில்லை.